துறைகள் இடம்பெயர்ந்த வரலாறு: மரக்காணக் கரையும் விமான நிலையமும்

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மரக்காணத்து உப்பளங்களின் பாத்தியும் வரப்பும் நீருக்கடியில் மறைந்தன. அதே புயலின் காரணமாக, 100 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவிலுள்ள சென்னை விமான நிலையம் அன்று மூடப்பட்டு, மறுநாள் அதிகாலையில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. உப்பளத் தொழிலாளி வரப்பில் நின்று நீர் வடியக் காத்திருந்தார்; பயணி விமான நிலையத்தில் அமர்ந்து காற்று தணியக் காத்திருந்தார். ஒரே கடல், ஒரே காற்று, இரண்டு காத்திருப்புகள். இவை தொடர்பற்றவையாகத் தோன்றலாம். ஆனால் இக்கரையின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போருக்கு, விமான நிலையம் என்பது கடற்றுறையின் நேரடி வாரிசு என்பது தெளிவாகும். அந்த வாரிசுரிமையை ஆராய்வதும், அதில் நமக்குக் கிடைத்தது எது, கிடைக்காமற் போனது எது என்று கேட்பதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

வரலாறற்ற இடமா?

பிரெஞ்சு மானிடவியலாளர் மார்க் ஒஜே 1992இல் வெளியிட்ட நூலொன்றில், விமான நிலையம், நெடுஞ்சாலை, பேரங்காடி போன்றவற்றை ‘இடமல்லாத இடங்கள்’ என்று வகைப்படுத்தினார். ஓர் ஊர், ஒரு கோயில், ஒரு சந்தை ஆகியவை மனிதருக்கு அடையாளத்தையும் உறவையும் நினைவையும் தருகின்றன. விமான நிலையமோ இவற்றில் எதையும் தருவதில்லை. அங்கே மனிதர் ஒரு பயணச்சீட்டாகவும் கடவுச்சீட்டாகவும் மட்டுமே அறியப்படுகிறார் என்பது அவரது வாதத்தின் சாரம். விமான நிலையங்களைச் சமூகவியல் நோக்கில் ஆராய்வோர் பலரும் இக்கருத்திலிருந்தே தொடங்குகின்றனர். அதை மறுப்போரும் அதைச் சுட்டியே மறுக்கின்றனர்.

அலுவல் நிமித்தம் மாதந்தோறும் பறக்கும் பயணிக்கு இது பொருந்தலாம். ஆனால் சபருக்குப் புறப்படும் மகனை வழியனுப்ப ஒரு வேன் நிறைய உறவினர் இரவோடு இரவாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்து இறங்கும் சமூகத்துக்கு இது பொருந்துமா? ‘பயணம் சொல்லுதல்’ என்று ஒரு வழக்கத்தையும், ‘சபராளி’ என்று ஒரு மனிதரையும் தன் மொழியில் பேணி வைத்துள்ள சமூகம் தமிழ் முஸ்லிம் சமூகம். அதன் வாழ்வில் புறப்படும் இடம் ஒருபோதும் வெற்றிடமாக இருந்ததில்லை. இதை மெய்ப்பிக்க மரக்காணக் கரையைவிடப் பொருத்தமான சான்று வேண்டியதில்லை.

மறைந்துபோன மூன்று துறைகள்

ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம் என்னும் கடற்கரை ஊர் வருகிறது. அது இன்றைய மரக்காணமே என்பது அறிஞர் பலரின் கருத்து. பெரிப்ளஸ் நூல் கூறும் சோபட்மா துறையும் இதுவே எனக் கொள்வோர் உண்டு. இப்பட்டினத்தை வருணிக்கும் புலவர், அலை கொண்டுவந்து கரையில் ஒதுக்கிய நறுமண மரக்கட்டைகளுக்கு உறங்கும் ஒட்டகத்தை உவமையாக்குகிறார். இஸ்லாம் தோன்றுவதற்குச் சில நூற்றாண்டுகள் முன்னரே, தமிழ்க் கரையின் ஒரு புலவருக்கு ஒட்டகத்தின் தோற்றம் உவமை சொல்லும் அளவுக்குப் பழகியிருந்தது என்பது கவனிக்கத்தக்கது. அதே பகுதியில் பாணருக்குக் கடற்கரை மக்கள் அளிக்கும் விருந்தும் பேசப்படுகிறது. வந்தவரை யாரென்று கேட்குமுன் உணவளிப்பது துறையின் முதற்பண்பாக அங்கே காட்சி தருகிறது.

மரக்காணத்துக்கு வடக்கே இடைக்கழிநாட்டில் ஆலம்பரை உள்ளது. கர்நாடக நவாபுகளின் காலத்தில் அங்கே கோட்டையும் நாணயச்சாலையும் படகுத்துறையும் இருந்தன. 1750இல் அது பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் கைக்கு வந்தது. 1760இல் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றி இடித்தனர். இன்று எஞ்சியிருப்பவை செங்கற்சுவர்களின் சிதைவுகளே. மரக்காணத்துக்குத் தெற்கே, புதுச்சேரி செல்லும் வழியில், முஸ்லிம்கள் கணிசமாக வாழும் கூனிமேடு உள்ளது. 1680களில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே வணிகச்சாலை ஒன்றை நடத்தியது. கம்பெனி ஆவணங்களில் ‘கோனிமேர்’ என்று காணப்படுவது இவ்வூரே. 1690இல் கடலூருக்கருகே செயின்ட் டேவிட் கோட்டை கம்பெனிக்குக் கிடைத்தபின் கூனிமேட்டின் முக்கியத்துவம் குன்றியது.

ஆக, ஒரு நாள் நடைக்குள் அடங்கும் கரையில் மூன்று துறைகள் இருந்தன. அரசியல் மாறியபோதும், பெருங்கப்பல்கள் ஆழ்கடல் துறைமுகங்களை நாடியபோதும் இவை ஒவ்வொன்றாக அடங்கின. பின்னர் இக்கரையை வெளியுலகோடு இணைத்தது பக்கிங்காம் கால்வாய். ஆந்திரத்தின் பெத்தகஞ்சத்திலிருந்து ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீளும் இக்கால்வாயின் தென்முனை மரக்காணமே. 1876-78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாக அதன் பகுதிகள் வெட்டப்பட்டன. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரே அதற்கு நிலைத்தது. இப்பகுதியின் உப்பு படகுகளில் அக்கால்வாய் வழியே சென்னைக்குச் சென்றது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் படகுப் போக்குவரத்தும் மறைந்தது. கடல் எதிரேயிருந்தும் கடல்வழி இல்லாத கரையாக மரக்காணம் மாறியது. அருகிலுள்ள புதுச்சேரி இலாசுப்பேட்டை விமான நிலையத்தில் 2013இல் புதிய முனையம் திறக்கப்பட்டபோதும், அங்கிருந்து உள்நாட்டுச் சேவை மட்டுமே, அதுவும் விட்டுவிட்டு, நடைபெற்று வந்துள்ளது. எனவே கடல் கடக்க விரும்பும் மரக்காணத்தாருக்கும் கூனிமேட்டாருக்கும் இன்றைய துறை சென்னை மீனம்பாக்கமும் திரிசூலமுமே.

துறையைச் சூழ்ந்த அறங்கள்

துறை என்பது கப்பல் நிற்கும் இடம் மட்டுமன்று. பயணியை ஒரு தனிப்பிரிவாகக் கருதி அவருக்குரிய சலுகைகளை வகுத்த மார்க்கம் இஸ்லாம். பயணத்தில் நான்கு ரக்அத் தொழுகை இரண்டாகச் சுருங்குகிறது; நோன்பைப் பிற்படுத்த அனுமதி உண்டு; ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரில் வழிப்போக்கரும் ஒருவர். சொந்த ஊரில் செல்வராயிருப்பவரும் வழியில் தேவையுடையவராகிவிடக்கூடும் என்ற நுண்ணிய புரிதல் இதில் உள்ளது. இப்புரிதலிலிருந்தே சராய்களும் முசாபர்கானாக்களும் வக்ஃபுகளாக எழுந்தன.

தமிழ்க் கரையில் இதன் தடங்கள் பல. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறியோர் நாகூரில் நின்று பிரார்த்தித்துச் சென்றனர். அவர்கள் சென்றடைந்த இரு துறைகளிலும் நாகூரின் பெயரால் நினைவிடங்களை எழுப்பினர். சிங்கப்பூரின் நாகூர் தர்கா 1828-30ஆம் ஆண்டுகளில் கட்டப்பட்டது. புறப்பட்ட வாசலையே சேர்ந்த இடத்திலும் நிறுவிக்கொண்ட இச்செயல், துறை என்பது மனத்தில் எத்தகைய இடத்தைப் பெற்றிருந்தது என்பதற்குச் சான்று. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல் 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று தலைமுறைகளைச் சுமந்தது. நாகப்பட்டினத்தில் பயணிகள் படகேறிச் சென்றே நடுக்கடலில் நின்ற கப்பலை அடைந்தனர். கரையில் நின்றோர் படகு சிறுத்துப் புள்ளியாகும் வரை பார்த்து நிற்க முடிந்தது. பின்வந்த ‘சிதம்பரம்’ கப்பல் 1980களின் நடுவில் தீ விபத்துக்குள்ளாகி நின்றபோது அந்தக் காட்சியும் முடிவுக்கு வந்தது.

ஹஜ்ஜுப் பயணத்தின் கதையும் இதுவே. தமிழகத்து ஹாஜிகள் இரயிலேறி மும்பை சென்று, அங்கிருந்து ஜித்தாவுக்குக் கப்பலேறினர். கப்பலுக்குக் காத்திருக்கும் நாட்களில் அவர்களைத் தாங்கியவை சாபு சித்தீக் முசாபர்கானா போன்ற அறநிலையங்கள். சென்னையில், மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் சாஹிப் சென்ட்ரல் இரயில் நிலையத்துக்கு எதிரே சித்தீக் சராயை நிறுவினார். இடத்தேர்வை நோக்குக: துறைமுகத்தின் பணியை இரயில் நிலையம் ஏற்றுக்கொண்டதும், சமூகத்தின் அறமும் அதன் வாசலுக்கே வந்து சேர்ந்தது. இந்தியாவிலிருந்து ஹாஜிகளின் கப்பற்பயணம் 1995இல் நின்றது. அதன்பின் எல்லோருக்கும் வாசல் விமான நிலையமே.

மீனம்பாக்கத்து வாசல்

1932 அக்டோபரில் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து மும்பைக்கு அஞ்சல் விமானம் ஓட்டினார். அதை அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். தமிழகத்தின் முறையான விமானப் போக்குவரத்து இவ்வாறு கடிதங்களைச் சுமந்தே தொடங்கியது. 1947 டிசம்பரில் ஏர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு வந்தது. கடல்வழி உறவுகள் வான்வழிக்கு மாறிய முதல் அடையாளங்களில் இது ஒன்று. மீனம்பாக்கத்தின் முதல் முனையக் கட்டடம் 1954இல் எழுந்தது. 1980களில் காமராசர், அண்ணா பெயர்களிலான முனையங்கள் வந்தன.

அதுவரை வசதியுள்ளோரின் இடமாயிருந்த விமான நிலையத்தை எளியோரின் துறையாக்கியது, 1973இன் எண்ணெய் விலையேற்றத்துக்குப் பின் வளைகுடாவில் பெருகிய வேலைவாய்ப்பு. 1983ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டம் பத்தாம் வகுப்புத் தேறாதோர் குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்லத் தனி அனுமதி பெறவேண்டும் என்றது. சுரண்டலைத் தடுக்கும் நல்ல நோக்கமே அது. ஆயினும், ஒருவர் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திய நாள் பல ஆண்டுகளுக்குப் பின் குடியேற்ற மேசையின் முன் மீண்டும் எழுந்து நிற்கும் நிலையையும் அது உருவாக்கியது. ‘இடமல்லாத இடத்தில்’ வரலாறு இல்லை என்று எவ்வாறு கூறுவது? பயணியின் முழு வரலாறும் அங்கேதான் சோதிக்கப்படுகிறது.

வழியனுப்ப வந்தோரின் நிலையும் மாறியது. 1984 ஆகஸ்ட் 2ஆம் நாள் மீனம்பாக்கத்தில் நிகழ்ந்த குண்டுவெடிப்பு 30க்கும் மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து வந்த இந்திய விமானம் கடத்தப்பட்டதற்குப் பின், நாட்டின் விமான நிலையங்களின் காவல் 2000 முதல் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையிடம் படிப்படியாக ஒப்படைக்கப்பட்டது. பாதுகாப்பின் தேவையை எவரும் மறுக்கவியலாது. ஆனால் ஒவ்வொரு அடுக்குப் பாதுகாப்பும் குடும்பத்தை ஓரடி பின்னுக்குத் தள்ளியது என்பதும் உண்மை. கடற்கரையில் படகு புள்ளியாகும் வரை பார்த்து நின்றோர், இப்போது கண்ணாடிக் கதவுக்கு வெளியே, ஆவணத்தைக் காட்டி உள்ளே செல்பவரின் முதுகை மட்டும் சில நொடிகள் காண்கின்றனர்.

இருப்பினும் மனிதர் துறையின் பண்பைக் கைவிடவில்லை. கதவுக்கு வெளியே நடைபாதையில் பாய் விரிக்கப்படுகிறது. தூக்குப் பாத்திரத்திலிருந்து உணவு பகிரப்படுகிறது. பெரியவர் ஒருவர் கையேந்தி துஆ ஓத, மற்றவர்கள் ஆமீன் கூறுகின்றனர். முதன்முறை பறக்கும் இளைஞரின் படிவத்தை முன்பின் அறியாத ஒருவர் நிரப்பித் தருகிறார். பயணியை வழியனுப்பும்போது அவருக்காகப் பிரார்த்திப்பது நபிவழி. அது நிறைவேறும் இடமாக வாகனங்கள் நிறுத்தும் வெளி மாறியிருக்கிறது. மையித்தாகத் திரும்பி வரும் சபராளிக்காகச் சரக்குப் பகுதியின் வாயிலில் காத்திருப்போரும் உண்டு. இவையனைத்தும் முனையத்தின் வரைபடத்தில் இல்லாதவை.

ஜித்தா தரும் படிப்பினை

காத்திருப்பை வரைபடத்திலேயே சேர்க்க முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டு, ஜித்தா மன்னர் அப்துல் அஸீஸ் விமான நிலையத்தில் 1981இல் திறக்கப்பட்ட ஹஜ்ஜு முனையம். அதன் கூரையை வடிவமைத்தோரில் முதன்மையானவர் ஃபஸ்லூர் ரஹ்மான் கான். 1929இல் வங்கத்தில் பிறந்து, சிகாகோவின் சியர்ஸ் கோபுரத்தால் புகழடைந்து, 1982இல் ஜித்தாவிலேயே மறைந்த பொறியியலாளர் அவர். கண்ணாடி இழைத் துணியாலான 210 கூடாரக் கூரைகள் எஃகுத் தூண்களிலிருந்து தொங்க, பக்கங்கள் திறந்திருக்கின்றன. வெண்துணி வெயிலைத் திருப்பியனுப்புகிறது. சூடேறிய காற்று ஒவ்வொரு கூடாரத்தின் உச்சித் திறப்பு வழியே வெளியேறுகிறது. அப்பரப்புக்குக் குளிரூட்டும் இயந்திரம் தேவைப்படவில்லை.

இதன் சிறப்பு பொறியியலில் மட்டும் இல்லை. ஹாஜிகள் இங்கே ஒரு நாளுக்கும் மேலாகத் தங்க நேரிடும்; குழுக்களாகவே இருப்பர்; தொழுவர், சமைத்ததை உண்பர், உறங்குவர் என்பதை வடிவமைப்பாளர்கள் முதலிலேயே ஏற்றுக்கொண்டனர். பயணியை விரைந்து கடத்தும் இடமாகவன்றி, அவர் வாழும் இடமாகவே முனையத்தைக் கருதினர். 1983இல் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது இதற்கு வழங்கப்பட்டது. பாலைவனக் கூடாரத்தின் மரபறிவு விமான யுகத்தின் வாசலில் மீண்டும் உயிர்பெற்றது எனலாம்.

வாசல் மூடியபோது

விமான நிலையம் பண்பாட்டு வெளியே என்பதை அண்மைய நிகழ்வொன்று நமக்கு உணர்த்தியது. கொரோனாப் பெருந்தொற்றினால் 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் வெளிநாட்டு ஹாஜிகளின் பயணம் தடைப்பட்டது. பயணம் மீண்டும் தொடங்கிய 2022இல், இந்தியாவின் புறப்பாட்டு நிலையங்கள் குறைக்கப்பட்டிருந்தன. பட்டியலில் சென்னை இல்லை. தமிழகத்து ஹாஜிகள் கொச்சி சென்று விமானமேற வேண்டியதாயிற்று. தமிழகத்திலிருந்து எழுந்த தொடர்ந்த கோரிக்கைக்குப் பின் 2023இல் சென்னை மீண்டும் புறப்பாட்டு நிலையமானது.

வெறும் போக்குவரத்துக் கணக்கில் இது சில நூறு கிலோமீட்டர் மாற்றமே. ஆனால் மரக்காணக் கரையின் முதியவர் ஒருவருக்கு அதன் பொருள் வேறு. சென்னையென்றால் பிள்ளைகளும் பேரர்களும் அண்டை வீட்டாரும் உடன்வர இயலும். தம் மொழி பேசுவோரிடம் ஐயம் கேட்க இயலும். கொச்சியென்றால் இருவர் உடன்வருவதும் அரிது. வாழ்நாளெல்லாம் சேமித்து மேற்கொள்ளும் பயணத்தின் முதற்சடங்கே, அதாவது ஊர் கூடி வழியனுப்புதலே, அங்கே அறுபட்டது. அன்று மக்கள் கேட்டது ஓடுபாதையை அன்று. தம் துறையைத் திருப்பிக் கேட்டனர்.

எழுதப்பட வேண்டிய வரலாறு

ஆலம்பரையின் துறையில் யார் யாரை வழியனுப்பினர், என்ன சொல்லி அழுதனர் என்பதை அறிய நமக்கு வழியில்லை. நாணயமும் செங்கலும் எஞ்சின. மனிதரின் சொற்கள் எஞ்சவில்லை. ரஜூலாவில் பயணம் செய்தோர் அருகிவிட்டனர். 1970களில் முதன்முதலாக வளைகுடாவுக்குப் பறந்தோர் இன்று முதுமையில் உள்ளனர். அவர்களை வழியனுப்பிவிட்டு ஒற்றைக் கையால் குடும்பம் நடத்திய பெண்களின் நினைவுகளோ இன்னும் கேட்கப்படவேயில்லை. பழைய கடவுச்சீட்டுகள், ஒலிநாடாக் கடிதங்கள், விமான நிலைய வாசலில் எடுத்த நிழற்படங்கள் ஆகியவை நம் வீட்டு அலமாரிகளிலேயே ஆவணக்காப்பகமாக உறங்குகின்றன. கல்லூரி மாணவர்கள் தத்தம் மஹல்லாவிலிருந்தே இதைத் தொடங்கலாம்.

ஆய்வோடு அறமும் சேரவேண்டும். கப்பலின் வாசலில் முசாபர்கானா கட்டினோம். இரயிலின் வாசலில் சராய் கட்டினோம். விமானத்தின் வாசலிலோ நம் தாய்மார் நடைபாதையில் இரவைக் கழிக்கின்றனர். சென்னை விமான நிலையத்துக்கு அருகே நங்கநல்லூரில் ஹஜ்ஜு இல்லம் அமையும் என்று 2025இல் தமிழக அரசு அறிவித்தது வரவேற்கத்தக்கது. ஆயினும் ஹஜ்ஜுக் காலத்துக்கு அப்பாலும், எந்தச் சமயத்தவராயினும், வழியனுப்ப வந்தவரும் வரவேற்க வந்தவரும் மையித்துக்காகக் காத்திருப்பவரும் ஓரிரவு தலைசாய்க்க ஓரிடம் வேண்டும். அப்துல் ஹக்கீம் சாஹிபின் வழியில் வந்தோருக்கு இது இயலாத காரியமன்று.

தமிழிலக்கணம் நெய்தல் நிலத்துக்கு உரிப்பொருளாக இரங்கலை வகுத்தது. கடற்கரை என்பது பிரிந்தவரை எண்ணிக் காத்திருக்கும் இடம் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அந்தக் காத்திருப்பு இன்று திரிசூலத்துக்கு இடம்பெயர்ந்திருக்கிறது. எயிற்பட்டினத்தில் வழிநடையாய் வந்த பாணருக்குக் கிடைத்த விருந்தோம்பல், அங்கே காத்திருப்போருக்கும் கிடைக்கச் செய்வது நம் கடமையாகும்.